அந்தப் பொண்ணு சொன்ன வழி

நடுவர் அவர்களுக்கும், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

‘கைப்பேசி வரைபடம் மனிதர்களை நெருக்கியதா, விலக்கியதா?’ இதுதான் தலைப்பு. நெருக்கியது என்பது எங்கள் கட்சி. அதை நிறுவ நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். எதிரணித் தம்பி அதைப் படிக்கவிடவில்லை. “அண்ணன் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகவே மேப் போடுவார்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் என் மைத்துனர் விசிலடித்தார், அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

தம்பி, சமையலறைக்கு எனக்கு மேப் தேவையில்லை. அங்கே பாத்திரம் துலக்குவதே நான்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். மேப் வேண்டியது என் மனைவிக்கு. வாணலியை நான் எங்கே கவிழ்த்து வைத்தேன் என்று தினமும் தேடுவது அவர்தான்.

சரி. அடுத்து, “மேப் முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடும், நம்புகிறவன் ஏமாளி” என்றார். தடுமாறாத அளவைக்காரன் எவன் ஐயா? 1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். கையில் நூறு அடிச் சங்கிலி. சுமார் 12 கிலோமீட்டர் கோடு ஒன்றை அளக்க 57 நாள். நம் ஊர் ஷேர் ஆட்டோ வழியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டும் அரை மணியில் போய்விடும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. மனுஷன் தலையில் கைவைத்து உட்காரவில்லை. தானே தட்டி நிமிர்த்தி மறுபடி அளந்தார்.

இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன், 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கைக் கேட்டு, நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு வேண்டுமென்றே அந்த சிக்னலைக் கலக்கி வைத்திருந்தது, நூறு மீட்டர்கூடத் தப்பும். இப்போது சில மீட்டர்தான் தப்புகிறது. ஆனால் இடம் சரியாகத் தெரிந்தால் போதுமா, வரைபடத்தில் போட்ட ரோடு தரையிலும் இருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் என் கதை.

போன சித்திரை. மன்னார்குடிப் பக்கம் ஒரு காதுகுத்து. காரில் நானும் மனைவியும். எந்த மேப் என்று கேட்காதீர்கள். “இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்” என்றது குரல். திரும்பினேன். தார் ரோடு மண் ரோடானது. மண் ரோடு வரப்பானது. “நேராகச் செல்லவும்” என்றது. நேரே வாய்க்கால். தண்ணீரில் கிடந்த எருமை ஒன்று, இன்னொரு ஆளா என்பதுபோல் தலையைத் தூக்கிப் பார்த்தது.

கரையில் பூவரச மரம். மரத்தடியில் ஒரு பாட்டி. முன்னால் ஈரத்துணி சுற்றிய மண்பானை. நான் கண்ணாடியை இறக்கும் முன்பே கேட்டார்: “அந்தப் பொண்ணு சொல்லிச்சா?”

“எந்தப் பொண்ணு பாட்டி?”

“போனுக்குள்ள இருக்கே, அதுதான். இன்னிக்கு நீங்க நாலாவது வண்டி. இறங்குங்க, மோர் குடிங்க.”

மோர் பத்து ரூபாய். இஞ்சி, கொத்தமல்லி, பெருங்காயம். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். வண்டியைப் பின்னால் எடுக்க வழிகாட்டப் பேரன் வந்தான், அதற்கு இருபது. தனிக் கணக்கு.

நான் பொதுநலவாதி இல்லையா? அங்கேயே போனை எடுத்து, ‘இங்கே பாலம் இல்லை’ என்று மேப்புக்குத் திருத்தம் அனுப்பினேன். ஆடி மாதம் மறுபடி அந்தப் பக்கம் போனோம். மரம் இருக்கிறது, பாட்டி இருக்கிறார், பானை இல்லை. கேட்டேன். “எந்தக் கட்டையில போறவனோ எழுதிப் போட்டுட்டானாம் தம்பி, ஒரு வண்டி வர்றதில்ல.”

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி எருமையைப் பார்த்தார்.

இன்னொரு தடவை சொல்லவா? கட்டையில போறவன்! நடுவரே சிரிக்கிறார், எனக்கு இரண்டு நிமிடம் கூடுதல்.

அந்தக் கட்டையில போறவன் என்ன செய்தான்? அதே மேப்பில் பூவரச மரத்தடியில் ஒரு புள்ளி வைத்து, ‘பாட்டி மோர்க்கடை’ என்று சேர்த்தான். பானையை எடுத்து வைக்கச் சொல்லிப் படம் பிடித்துப் போட்டான். இப்போது வழி தவறி யாரும் வருவதில்லை, தேடி வருகிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். படம் பிடித்த அன்று பாட்டி கேட்டார், “இதுல ஷார்ஜா வருமா?” மகன் அங்கே கட்டட வேலை. போய் ஆறு வருஷம். அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இடத்தைப் பேரன் காட்டினான். தட்டினேன். மேலிருந்து எடுத்த படம், வரிசையாகத் தகரக் கூரைகள், ஓரத்தில் மணல்.

“இதுல எது?”

“மூணாவது கூரை பாட்டி.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கூரையைத் தடவினார். படம் நழுவிக் கடல் வந்துவிட்டது. “ஐயோ, எங்க போயிட்டான்?” பதறிப்போனார். திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அப்புறம் படத்தைச் சுருக்கி, ஷார்ஜாவையும் இந்த வாய்க்காலையும் ஒரே திரையில் காட்டினேன். இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் அவன். லாம்ப்டன் சங்கிலி போட்டு அளந்தார் இல்லையா, பாட்டி விரலை வைத்து அளந்தார்.

“நாலு விரக்கடைதான் இருக்கு. பொங்கலுக்கு வந்துட்டுப் போகச் சொல்லு தம்பி.”

நன்றி, வணக்கம்.