செம்பில் தண்ணீர் தளும்பவில்லை, ஆனாலும் பூகம்பம் வந்தது!

[காட்சி: பருத்தித்துறைக் கரை, காலை வெயில்]

வணக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நம் கடிகாரத்தில் காலை 6.58. அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் நீத்துப்பெட்டி, பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர். அந்த நிமிடத்தில்தான் சுமாத்திரா அருகே கடலடியில் 9.1 அளவில் பூகம்பம். செம்புத் தண்ணீர் தளும்பவே இல்லை. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்து வடமராட்சி கிழக்குக் கரை முழுவதும் கடல் ஊருக்குள் வந்துவிட்டது.

இந்தச் சுனாமியின் காரணம் சுருக்கமாக: ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே செருகிக்கொண்டே போகிறது, இறுக்கம் தாங்காத நாளில் மேலிருக்கும் தட்டு விடுபட்டு மேலே துள்ளுகிறது, கடல்நீரும் கூடவே எழுகிறது. ஆழ்கடலில் அந்த அலை விமான வேகத்தில் ஓடும்.

இப்போது என் மனதை விட்டுப் போகாத ஒரு தீவைக் காட்டுகிறேன்.

[திரையில்: வரைபடம், சிமலூ தீவு]

சிமலூ, அந்தப் பூகம்பத்தின் வாசலில் இருந்த தீவு. அங்கே அலை வரச் சில நிமிடங்கள்தான். எச்சரிக்கைக் கருவி ஒன்றுமில்லை. சுமார் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். எப்படி? 1907-இல் அங்கே பெரிய அலை வந்து ஏராளமானோரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அதற்கு "ஸ்மோங்" என்று பெயர் வைத்து, கதையிலும் தாலாட்டிலும் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள்: நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு, எதையும் எடுக்க நிற்காதே. 97 வருடம் கழித்து யாரோ "ஸ்மோங்!" என்று கத்த, ஊரே மேடேறிவிட்டது. ஒரு சொல், அவ்வளவுதான்! அம்மம்மாக்களின் வாயில் இருந்த அறிவு இது. நம்மிடம் அப்படி ஒரு சொல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

ஆனால் சிமலூக்காரருக்குக் கிடைத்த அடையாளம் நமக்குக் கிடைக்காது. நாம் 1,800 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறோம், வீடு ஆடாமலே அலை வரலாம். கடல் உள்வாங்கும் என்று காத்திருக்கவும் கூடாது. அன்று தாய்லாந்தில் கடல் முதலில் பின்வாங்கியது, நம் பக்கம் முதலில் வந்ததே அலைதான். ஏறி நிற்க நமக்கு மலையும் இல்லை. அதனால் எச்சரிக்கைச் செய்தி கேட்டதும் கரையை விட்டு உட்பக்கம் தூரமாகப் போய்விட வேண்டும். சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? மறுபடியும் சுமாத்திராப் பக்கக் கடலடியில் பூகம்பம், 8.6 அளவு. கரையோரத்தார் விலகினார்கள். நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. "சும்மா ஓடவைத்தார்கள்" என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது மனம் நிறைந்த நாள்.

சரி, நிலமே ஆடினால்? ஜப்பானிலோ வான்கூவரிலோ இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்கள். குண்டுவீச்சுக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டதும் வீட்டை விட்டுப் பங்கருக்கு ஓடிப் பழகிய உடம்பு நம்முடையது. பூகம்பத்தில் அந்த ஓட்டம் ஆபத்து, கூரை ஓடும், சுவரும், கண்ணாடியும் விழுவது பெரும்பாலும் வாசலில்தான். உள்ளே இருந்தால் உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்ற பிறகு வெளியேறலாம். அலுமாரியை இன்றைக்கே சுவரோடு பூட்டிவிடுங்கள்.

கரையோரத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஒழுங்கையால் உள்ளே போவீர்கள் என்று வீட்டாரோடு ஒருமுறை நடந்து பார்த்து, எத்தனை நிமிடம் என்று கீழே எழுதுங்கள். நாங்கள் போன ஞாயிறு நடந்தோம். எனக்குப் 12 நிமிடம். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது 31.