தொண்டையில் தொடங்கிய ஆராய்ச்சி

அவையோருக்கு வணக்கம். ஆலிவ் மரத்தைப் பற்றிய ஆராய்ச்சி மிகப் பரந்தது. அதில் கசப்பையும் காறலையும் மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்; அந்த மரத்தைப் புரிந்துகொள்ள அதுவே நல்ல வாசல் என்று நம்புகிறேன்.

எண்ணெய் காறினால் கெட்டுவிட்டது என்று நினைப்பது இயல்பு. புதிதாகப் பிழிந்த தரமான ஆலிவ் எண்ணெயோ நாக்கில் சாதுவாக இருந்து, விழுங்கும்போது தொண்டையின் அடியில் சுருக்கென்று ஏறி இருமலை வரவழைக்கும். 1999-இல் சிசிலித் தீவின் எரிச்சே நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்து இயக்குநர் அந்த எண்ணெயைச் சுவைத்தார். வலிநிவாரணியான இபுப்ரோஃபென் திரவத்தின் சுவையை முன்பே ஆராய்ந்திருந்த அவருக்கு, அதே எரிச்சல் அதே இடத்தில் எழுந்தது உடனே பிடிபட்டது. அவரும் அவருடைய குழுவினரும் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் செயற்கையாகவும் உருவாக்கி, ‘ஒலியோகாந்தல்’ என்று பெயரிட்டு, 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இபுப்ரோஃபென் தடுக்கும் அழற்சி நொதிகளையே அதுவும் தடுக்கிறது. ஆயினும் ஒரு நாளில் 50 கிராம் எண்ணெய் உண்டாலும், வலிக்காக உட்கொள்ளும் இபுப்ரோஃபென் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு ஈடான பலன்தான் கிட்டும் என்று அவர்களே கணக்கிட்டார்கள். எண்ணெயை மருந்தென்று விற்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மரத்துக்கு இந்தக் கசப்பு எதற்கு? இலையிலும் காயிலும் ஒலியூரோபீன் என்ற கசப்புப் பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. பூச்சி கடித்தால் இரண்டும் கலந்து, புரதங்களைப் பிணைத்துக் கெடுக்கும் பொருள் உண்டாகிறது. செக்கில் காயை நசுக்கும்போதும் நொதிகள் இப்படியே விடுபட்டு, ஒலியோகாந்தலும் அதன் உறவுப் பொருள்களும் பிறக்கின்றன. காயம்பட்ட காயின் எதிர்ப்பைத்தான் நாம் சுவைக்கிறோம். காய் நன்கு பழுத்தாலும், எண்ணெய் நெடுநாள் இருந்தாலும் அது குறைந்துபோகும்.

உடல்நலத்தைப் பற்றிய சான்றுகளில் பெரியது, ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு. ஆலிவ் எண்ணெய் சேர்ந்த உணவுமுறையைப் பின்பற்றியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக 2013-இல் அறிவித்தார்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்ததில் பிழை இருந்தது பின்னர் தெரியவந்தது. ஒரே வீட்டாரை ஒரே குழுவில் சேர்த்திருந்தார்கள். 2018-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி செய்து, முடிவு பெரிதும் மாறாதபோதும் அடக்கமான சொற்களில் வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் அந்த ஆய்வின் மீது என் மதிப்பு கூடியது.

இத்தனை தற்காப்பு உள்ள மரத்தையும் ஒரு நோய் வீழ்த்துகிறது. தென் இத்தாலியின் புலியா பகுதியில் 2013-இல் கண்டறியப்பட்ட சைலெல்லா என்னும் பாக்டீரியா, சாறு உறிஞ்சும் நுரைப்பூச்சியின் வழியாக நேரே மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் நுழைந்து அவற்றை அடைத்துவிடுகிறது. முதலில் இலை நுனி தீய்ந்தாற்போல் பழுக்கும். பிறகு கிளை கிளையாகக் காயும். இலட்சக்கணக்கான மரங்கள் இப்படிப் போயின. லெச்சினோ, எஃப்.எஸ்.17 போன்ற சில ஆலிவ் இரகங்களில் பாக்டீரியா குறைவாகவே பெருகுகிறது. அதனால், சாகக் கிடக்கும் முதிய அடிமரங்களில் லெச்சினோவை ஒட்டுக் கட்டிக் காப்பாற்ற முயன்றுவருகிறார்கள்.