ஆண்டவரோட நான் கோவம்

(கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரப் பங்கொன்றில் தவக்காலத் தியான நாளில் பேசியது. பேச்சை அதிகம் திருத்தாமல் எழுதியிருக்கிறேன்.)

பங்குச் சுவாமி அவர்களுக்கும் சிஸ்டர்மாருக்கும் இந்த வெயிலுக்குள் வந்து இருக்கிற என் சனத்துக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு ‘நெருக்கடிக் காலத்தில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி’. முப்பது வருடம் மறைக்கல்வி படிப்பித்தவளுக்கு ‘எப்படி’ என்று முடிகிற தலைப்பைக் கண்டால் கை தானாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று குறிப்பெழுதப் போய்விடும். எழுதினேன். நேற்று இரவு எடுத்து வாசித்தேன். முள்ளிவாய்க்காலால் வந்த சனத்துக்கு முன்னால் இதைச் சொல்ல எனக்கு என்ன துணிவு என்று வெட்கம் வந்தது. கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாக ஒரு மனுசியைப் பற்றிச் சொல்கிறேன். பேர் சொல்லமாட்டேன். அவவிடம் கேட்டுத்தான் வந்திருக்கிறேன்.

2009 பங்குனி மாதக் கடைசி, இறுதி யுத்த நேரம். மாத்தளனுக்கும் பொக்கணைக்கும் இடையில் எங்கள் தறப்பாளும் அந்த அக்காவின் தறப்பாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் நிற்காது, சரியும். ஆனபடியால் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தோம். கட்டுச் சேலைகள் எல்லாம் முடிந்த பிறகு அக்கா தன் கூறைச் சேலையையும் எடுத்துத் தைத்தா. ஒவ்வொரு இரவும் அந்தப் பங்கருக்குள் செபமாலை தொடங்குவது அவதான். செல் கூவுகிற சத்தத்தில் எங்களுக்கு ‘அருள் நிறைந்த மரியே’ பாதியில் அறுந்துபோகும். அவவுக்கு அறாது.

ஒருநாள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அவவின் மகன் திரும்பி வரவில்லை. பதினாறு வயது. தறப்பாளுக்குப் பின்னால்தான் தாட்டோம். அன்று இரவு செபமாலை நேரம் எல்லாரும் பழக்கத்தில் அவவின் முகத்தைப் பார்த்தோம். அவ கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றி என் கைக்குள் வைத்தா.

“இந்தா தங்கச்சி, நீ வைச்சிரு. ஆண்டவரோட நான் கோவம்.”

கோவம் என்றால் என்னவென்று இங்கே இருக்கிற உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோபம் வருவது வேறு, கோவமாயிருப்பது வேறு. கோபம் வந்தால் கத்துவோம், ஆறுவோம். கோவம் என்றால் கதைபேச்சு இல்லை. வேலிக்கு அங்கால இருக்கிற மச்சாளோடு கோவம், காணிப் பிரச்சினையில் அண்ணனோடு கோவம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வந்தவனோடு யாராவது கோவமாயிருக்கிறோமா? உறவு இல்லாத இடத்தில் கோவமும் இல்லை. இது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. நான் படிப்பிக்கிறவள் அல்லவா, உடனே வாயைத் திறந்தேன். “அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா, ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும்” என்றேன். அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. பதில் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

யோபுவின் கதையில் கூட்டாளிகள் மூன்று பேர் வருகிறார்கள். அவனுடைய கோலத்தைக் கண்டு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு நிலத்தில் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல வேலை அதுதான். அதற்குப் பிறகு வாய் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தார்கள். நீ ஏதோ பிழை செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் அடிக்கமாட்டார் என்று ஒருவர் மாறி ஒருவர் பிரசங்கம். யோபு கடவுளையே வழக்குக்குக் கூப்பிட்டான். கடைசியில் கடவுள் யாரைக் கண்டித்தார்? தன்னைப் பற்றி யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று அந்த நண்பர்மாரைத்தான். கடவுளுக்காக வாதாடினவர்களைக் கடவுளே ஏற்கவில்லை. அந்தப் பங்கருக்குள் நானும் அந்த மூன்று பேரோடு நாலாவதாக இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிலருக்குப் பிடிக்காது. கூட்டங்களில் எழும்பி நின்று சாட்சி சொல்கிறோம்: “செபித்தேன், ஆண்டவர் காத்தார், செல் எங்கட பங்கரில் விழாமல் பக்கத்துப் பங்கரில் விழுந்தது.” அந்தப் பக்கத்துப் பங்கரில் இருந்தவள் செபிக்கவில்லையா? அவளுடைய தாய் இந்த மண்டபத்தில் எங்கேயாவது இருந்தால்? கோயிலுக்குள் இருந்தால் ஒன்றும் நடக்காது என்று நம்பித்தானே 1999இல் மடு மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான சனம் தஞ்சம் இருந்தது. கார்த்திகை மாதம் 20ஆம் திகதி எறிகணை விழுந்து, கோயிலில் அடைக்கலம் தேடியிருந்த நாற்பது பேரளவில் செத்தார்கள். பிள்ளைகளும்தான். மாதா அவர்களைக் கைவிட்டா என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அப்படியென்றால், தப்பினவர்களை மட்டும் காத்தா என்று எப்படிச் சொல்கிறோம்? நன்றி சொல்லவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழங்காலில் நின்று சொல்லுங்கோ. மைக்கில் வேண்டாம்.

மடு என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. மருதமடு மாதா மாந்தையில் இருந்து வந்தவ. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். 1670 அளவில் மாந்தைச் சனம் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தது. இன்றைக்கு சிங்களச் சனமும் சைவச் சனமும் வந்து கும்பிடுகிற அந்தத் திருப்பதி, ஓடி வந்த சனம் மூட்டையை இறக்கி வைத்த இடம். 2008 சித்திரையில் சண்டை மடுவை நெருங்க, சுவாமிமார் அதே சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். “மாதாவும் வெளிக்கிட்டிட்டாவாம்” என்று சந்தையில் சனம் கதைத்தது, சிலர் தலையில் கைவைத்து அழுதார்கள். நான் சொன்ன அக்கா அழவில்லை. “எங்களை விட்டிட்டு அங்கயே இருந்தால்தான் எனக்குக் கவலை. வாறா எண்டால் வரட்டுமே” என்றா. அந்த ஆவணியிலேயே மாதா மடுவுக்குத் திரும்பிவிட்டா. நாங்கள் அந்த நேரம் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தோம்.

ஒல்லாந்தர் வந்த 1658இலிருந்து கோவாக் குருவான யோசப் வாஸ் அடிகளார் 1687இல் வந்து சேரும் மட்டும் ஏறக்குறைய முப்பது வருடம். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அவரும் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தில் படலை படலையாகப் போனார். எந்தப் படலையில் அந்த மாலையைக் கண்டு ஒரு கண் தடுமாறுகிறது என்று பார்த்தபடி. 2015 தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக்கிவிட்டு அன்றைக்கே மடுவுக்கும் வந்தார். நானும் போனேன். நின்றது கடைசியில். பாப்பரசரின் வெள்ளைத் தொப்பி மட்டும் ஒருதரம் தெரிந்தது, அதுவும் அவருடையதுதானா என்று என்ர பேத்தி இன்னும் பகிடி பண்ணுகிறாள்.

யோசப் வாஸ் புனிதர். சந்தேகமில்லை. ஆனால் அவர் வரும் மட்டும் அந்த முப்பது வருடமும் வீட்டுக் கூரைக்குள் செபமாலையைச் செருகி வைத்திருந்த கிழவிகள் யார்? பிறந்த பிள்ளைக்கு இரவில் தண்ணீர் வார்த்தவர்கள் யார்? பேர் தெரியாது. எல்லாருமா உறுதியாய் நின்றிருப்பார்கள்? ஒருவர் விட்டிருப்பார், பக்கத்து வீட்டுக்காரி அவருக்கும் சேர்த்து வைத்திருப்பா.

திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கின கதை மாற்கு நற்செய்தியில் இருக்கிறது. அதில் ஒரு சொல்லைக் கவனியுங்கோ. ‘அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு’ என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்துக் கிடந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா இல்லையா என்று ஒரு சொல் இல்லை. அவனால் எழும்பவே ஏலாது, அவனிடம் போய் உன் விசுவாசம் எத்தனை இறாத்தல் என்று நிறுத்துப் பார்க்கிற வேலையை இயேசு செய்யவில்லை. நாங்கள்தான் செய்கிறோம்.

சுமந்தவர்கள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள். போகச் சொல்லியும் போகாமல் சனத்தோடு கடைசிவரை நின்ற சுவாமிமார் இருந்தார்கள். சரத்ஜீவன் அடிகளார் யுத்தத்தின் கடைசி நாளில் களைத்துப்போய் நெஞ்சடைத்து இறந்தார். அதே 2009 வைகாசி 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் என்ன ஆனார் என்று இன்றுவரை பதில் இல்லை. அந்தப் பதிலைத்தானே 2017 மாசி 20இலிருந்து கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்கத் தொடங்கினார்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று சங்கீதக்காரன் கேட்டதும் அதே கேள்விதான். அதை நாங்கள் செபம் என்கிறோம், தாய்மார் கேட்டால் மட்டும் அரசியல் என்று ஒதுங்கிப் போகிறோம்.

முன்வரிசையில் இரணைமாதா நகர்ச் சனம் சிரிக்கிறீர்கள். உங்களைச் சொல்லத்தான் வந்தேன். 1992இல் இரணைதீவை விட்டு வந்தீர்கள். ஊரைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினீர்கள், ஒரு வருடத்துக்குக் கிட்டத் தெருவோரம் இருந்தீர்கள். 2018 சித்திரை 23இல் வெள்ளைக்கொடி கட்டி வள்ளங்களில் ஏறி நீங்களாகவே போய் இறங்கினீர்கள். இறங்கினதும் போன இடம் கோயில். அந்த இருபத்தாறு வருடமும் உங்களில் எத்தனை பேர் மாதாவோடு கோவமாயிருந்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

அக்காவின் கதைக்கு வருகிறேன், சுவாமி மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

அந்த வருடம் பெரிய வெள்ளி சித்திரை 10ஆம் திகதி. வெளியில் நிற்கேலாது. நாலைந்து தறப்பாள்களில் இருந்த வயதான அம்மாமார் சிலர் ஒன்றாய்க் கூடி, இயேசுவின் பாடுகளைச் சொல்கிற வியாகுலப் பிரசங்கத்தில் பாடமாக்கி இருந்ததைப் பாடினார்கள். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் முந்நூறு வருடத்துக்குக் கிட்ட முன்னம் எழுதியது என்று பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறனான். அன்றைக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. பிறகு ஒப்பாரி. மகனை மடியில் வைத்துக்கொண்டு மாதா அழுகிற இடம் வந்தது. மூலையில் முக்காட்டோடு கிடந்த அக்கா எழும்பி இருந்தா. நாள்கணக்காய் வாய் திறக்காத மனுசி. அந்த இராகத்தை எடுத்தா. எடுத்து, இயேசுவின் பேர் வரவேண்டிய இடத்தில் தன்ர பெடியன்ர பேரை வைத்துப் பாடினா. ஒருக்கால் இல்லை, திரும்பத் திரும்ப.

அம்மாமார் ஒருவரும் நிறுத்தவில்லை. இரண்டாம் தரம் அவர்களும் அந்தப் பேரையே சொல்லிப் பாடினார்கள். நான் திருத்தவில்லை. முப்பது வருட மறைக்கல்வியில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நல்ல பாடம் அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்து இருந்த செட்டிகுளம் முகாமிலும் அக்கா செபமாலை கேட்கவில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கோயிலுக்கு வரத் தொடங்கினா. உள்ளே வருவதில்லை, வெளியே வேப்பமரத்தடியில் இருப்பா, பூசை முடியக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவா. பெரிய வெள்ளியில் மட்டும் உள்ளே வந்து ஒப்பாரி பாடுவா. எந்தப் பேரைச் சொல்லிப் பாடுகிறா என்று காது கொடுத்துக் கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

செபமாலை இந்தா, என்ர பையுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் அதில் அவவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், எப்போதாவது நித்திரையாகியும் போகிறேன். போன கிழமை இங்கே அவவைப் பற்றிப் பேசலாமோ என்று கேட்கப் போனபோது கேட்டேன், அக்கா, இதைத் தரட்டோ என்று. முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கையைக் கழுவி, சேலையில் துடைத்து, வாங்கி ஒருக்கால் பார்த்தா. குருசுக்குக் கிட்ட நூல் இத்துப்போயிருந்தது. உள்ளே போய் நூல் எடுத்து வந்து முடிச்சுப் போட்டுத் திருப்பி என் கையிலேயே தந்தா.

“இப்ப வேண்டாம். வைச்சிரு.”