துணிந்தவனுக்குத் துக்கமில்லை

(பினாங்கில் எங்கள் பங்கு மண்டபத்தில், திருக்காட்சிப் பெருவிழாத் (எப்பிபனி) திருப்பலி முடிந்து பேசியது. பேச்சில் விட்டுப்போன சிலவற்றை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பங்குத்தந்தை அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, இந்த மண்டபத்துக்கு இரண்டு ஏர்கான் வாங்கிக் கொடுத்து நம்மை வியர்க்காமல் உட்கார வைத்திருக்கும், டத்தோ பட்டம் பெற்ற பெரியவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பாடகர் குழுவினரே, சமையல்கட்டில் இன்னும் கரண்டியோடு நிற்கிற அக்காமார்களே! போன வருஷம் பங்குப் பேரவைச் செயலாளரை விட்டுவிட்டேன். பாஸ்கா (ஈஸ்டர்) வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. ஆகவே, பேரவைச் செயலாளர் அவர்களே!

ஒய்.பி. அவர்களுக்கு, அதாவது நம் சட்டமன்ற உறுப்பினருக்கு, இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதாம். அதனால் அவர் காதில் விழவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பங்கில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் நிறைய. வாசிக்கிற பிள்ளைகள் குறைவு. அப்புறம் அதற்கு வருகிறேன்.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்தேன். நட்சத்திரம், ஏரோது மன்னன், ஞானிகள் அவனிடம் போகாமல் ஊர் திரும்பிப் போன வேறு வழி.

என் பாட்டி இந்த நாளை 'மூணு ராசா திருநாள்' என்பார். மத்தேயு நற்செய்தியில் ராசா என்றும் இல்லை, மூன்று பேர் என்றும் இல்லை. குழந்தை இயேசுவைத் தேடி, ஒரு நட்சத்திரத்தைக் கண்டு, கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள், அவ்வளவுதான். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆளையும் மூன்றாக்கிவிட்டோம். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயரெல்லாம் பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை. எப்பிபனி என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெளிப்படுதல் என்று பொருள். இயேசு யாருக்கு வெளிப்பட்டார் என்பதுதான் விசேஷம். அவர்கள் யூதர்கள் இல்லை. வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள். அவர்களுக்குத் தெரிந்த பாஷை நட்சத்திரம். கடவுள் அந்தப் பாஷையிலேயே கூப்பிட்டார். எபிரேயம் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

ஏரோது கதைக்கு வருவோம். மெசியா, அதாவது யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர், எங்கே பிறப்பார் என்று அவன் கேட்டதும் தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் பழைய ஏற்பாட்டு மீக்காவின் இறைவாக்கை எடுத்துச் சொல்லி, பெத்லகேம் என்கிறார்கள். பதில் சரி. எருசலேமிலிருந்து பெத்லகேம் 10 கிலோமீட்டர்கூட வராது. நம் பழைய பினாங்குப் பாலமே 13.5 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் போய்ப் பார்க்க அவர்களில் ஒருவர்கூடக் கிளம்பியதாக மத்தேயு எழுதவில்லை. நடந்தவர்கள் அந்நியர்கள். அவர்களுக்கும் வழி முழுக்க வெளிச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. நட்சத்திரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருந்தால், எருசலேமில் நின்று ஏன் வழி கேட்கிறார்கள்? அங்கிருந்து மறுபடி கிளம்பிய பிறகுதான் அது அவர்களுக்கு முன்னே போகிறது.

துணிந்தவனுக்குத் துக்கமில்லை. இது என் பாட்டி சொல்கிற பழமொழி. என் பேச்சை முன்பே கேட்டவர்கள், இதோ ஆரம்பித்துவிட்டான் என்று சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை, கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1951. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறுகிறார் பாட்டி. இடுப்பில் மூன்று வயதுப் பையன், அதாவது என் அப்பா. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய், ரவிக்கைக்குள் தாத்தாவின் கடிதாசி. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. கடிதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊர் உபதேசியார் ஒருமுறை வாசித்துக் காட்டியிருந்தார். கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கை. இரண்டாம் நாளே வாந்தி. ஊறுகாயை நக்கிக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன் என்பார். பக்கத்துப் பாயில் இருந்த அம்மாள் அந்த ஊறுகாயில் பாதியைக் கடனாக வாங்கித் தின்றுவிட்டுத் திருப்பித் தரவே இல்லை. பாட்டி சாகும்வரை அந்தக் கணக்கை மறக்கவில்லை!

பினாங்கில் இறங்கினால் தாத்தா இல்லை. அனுப்பிய தந்தி போய்ச் சேரவில்லை. கூட்டம் கலைகிறது, மழை வேறு. பையன் பசியில் அழுகிறான். பாட்டி பெட்டிமேல் உட்கார்ந்து, கடிதாசியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் பாவனை பண்ணினாராம். தெரியாதவள் என்று காட்டிக்கொண்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம். அப்போது தோளில் கம்பும் இரண்டு பக்கமும் பானையுமாக நாசி கண்டார், அதாவது சோறும் கறியும், விற்கிற ஒருவர் எதிரே வந்து நிற்கிறார். கடையநல்லூர் முஸ்லிம். "கடுதாசியை நேரா பிடிம்மா" என்கிறார். பானையை இறக்கி வைத்தார், கடிதாசியை வாங்கி வாசித்தார், பையனுக்கு ஒரு கை சோறு போட்டார். ஜெட்டி வரை கூட்டிப் போய் ஃபெரியில் ஏற்றி, பட்டர்வொர்த்தில் இறங்கி எந்தத் தோட்டத்துக்கு எந்த பஸ் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை. மிச்சமிருந்த ஊறுகாயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு மூன்று ராசா திருநாளிலும் பாட்டி இதைச் சொல்லிவிட்டு, "நான் பார்த்த நட்சத்திரம் தொப்பி போட்டிருந்துச்சு" என்பார்.

மெசியாவை ஒழிக்க நினைத்து பெத்லகேமில் ஏரோது கொன்ற குழந்தைகளின் தாய்மாரிடம் போய்த் துக்கமில்லை என்று சொல்வீர்களா என்று ஒரு தம்பி போன வாரம் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. பாட்டியும் தோட்டத்தில் ஒரு பிள்ளையைப் புதைத்தவர்தான். அப்படியும் அந்தப் பழமொழியை விடவில்லை.

சரி, நான் எதற்கு வருகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதாசியை வாசிக்க ஜெட்டியில் ஓர் ஆள் இருந்தார். இன்று முதல் வாசகம் வாசித்த பெண், பாவம், அழகான குரல். அவள் கையிலிருந்த தாளில் தமிழ் முழுக்க ரோமன் எழுத்தில் இருந்தது. அவள்மேல் குறையில்லை, நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. 1816-இல் இதே தீவில் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலிகன் குரு தொடங்கிய பள்ளியில் தமிழ் வகுப்பு நடந்தது. அதை முதல் புள்ளியாக வைத்துத்தான் 2016-இல் மலேசியத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு என்று விழா எடுத்தோம். வெள்ளைக்காரக் குரு நடத்திய பள்ளியில் தமிழுக்கு இடம் இருந்தது. நம் மண்டபத்தில் சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் இடம் இல்லையா? அந்த நேரத்தில் பேட்மிண்டன் நடக்கிறது என்கிறார்கள். விளையாடட்டும், பத்தரைக்கு மேல் விளையாடட்டும். டத்தோ அவர்கள் தலையாட்டுவதைச் செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேறு வழி பற்றிச் சொல்ல நேரமில்லை. சமையல்கட்டிலிருந்து கை காட்டுகிறார்கள்.

ஒன்றே ஒன்று. சாமியார் மந்திரித்த சாக்குக்கட்டி எல்லாருக்கும் கிடைத்திருக்கும். வீட்டு நிலைப்படிக்கு மேலே ஆண்டையும் அந்த மூன்று ஞானிகளின் பெயர்களின் முதலெழுத்தையும் (C, M, B) எழுதுவோம். கிறிஸ்து இந்த இல்லத்தை ஆசீர்வதிப்பாராக என்ற லத்தீன் வேண்டுதலுக்கும் அதே எழுத்துகள்தான். எழுதியது போக மீதிக் கட்டியைத் தூக்கி எறியாமல் சனிக்கிழமை பிள்ளையோடு சேர்த்து அனுப்பி வையுங்கள். கரும்பலகை நான் வாங்கிவிட்டேன். பெயர் எழுத நோட்டு கதவோரம் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து அவிழ்க்காதீர்கள்.