பெரிய வண்டியா, லேசான வண்டியா?

நேயர்களுக்கு வணக்கம்.

காடு மேடு என்று வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஃபார்ச்சூனர் வாங்கட்டுமா, ஜிம்னி வாங்கட்டுமா?" என்பதுதான். ஃபார்ச்சூனர் டொயோட்டாவின் பெரிய வண்டி, ஜிம்னி மாருதியின் சின்ன, லேசான வண்டி. பல வருடம் ஓடிய ஃபார்ச்சூனரின் விலைக்குப் புது ஜிம்னி கிடைக்கிறது. அதனால் இந்தக் குழப்பம் நியாயமானதே.

நான் முதலில் எடையைப் பார்க்கச் சொல்வேன். ஐந்து கதவு ஜிம்னி சுமார் 1,200 கிலோ. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் வலு போகும் ஃபோர் வீல் டிரைவ் ஃபார்ச்சூனர் 2 டன்னைத் தாண்டும். நல்ல ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. சிக்கிக்கொள்ளும் அன்றைக்குத் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் கொடைக்கானல் மேல்மலையில், நண்பரின் பெரிய வண்டியில் தோட்டத்துப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் 4 லோ கியரில் போட்டு, மெதுவாகத்தான் வந்தோம். பாதையின் ஓரம் பாரம் தாங்காமல் இடிந்து, பின்சக்கரம் உள்ளே போய்விட்டது. எட்டுப் பேர் தள்ளியும் அசையவில்லை. டிராக்டர் வரும்வரை நாலு மணி நேரம் மழையில் நின்றோம். அதே பாதையில் அதே மாதிரி மாட்டிய பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பை, பின்பக்கத்தை ஆட்களே தூக்கி நகர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு டன் அளவுக்குத்தான் இருக்கும் அந்த வண்டி.

மீட்கும் சாமானும் எடையைப் பொறுத்ததுதான். மாட்டிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச் வாங்கினால், ஆளும் சாமானும் ஏற்றிய மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்காவது அது இழுக்க வேண்டும். வண்டி கனமானால் விஞ்ச், கயிறு, கொக்கி எல்லாமே கனமாகும்.

அப்புறம் அகலம். ஜிம்னி 1,645 மில்லிமீட்டர், இப்போதைய ஃபார்ச்சூனர் 1,855. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு சாண். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் பாதையில் அந்த ஒரு சாண்தான் உயிர்.

சரி, பெரிய வண்டிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. லடாக் போகிறவர்களுக்கு நான் ஜிம்னியைத் தயங்கித்தான் சொல்வேன். அதில் இருப்பது டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி, இல்லாத பெட்ரோல் இன்ஜின். மேலே போகப்போகக் காற்று மெலிவதால், ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் அப்படிப்பட்ட இன்ஜினின் வலுவில் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். 5,000 மீட்டர் கணவாயில், நாலு பேரும் சாமானும் ஏறிய வண்டி திணறும். ஃபார்ச்சூனரின் டர்போ டீசல் அங்கே பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சின்ன வண்டியில் இடம் இல்லையென்று கூரையில் கேரியர் போட்டுச் சாமானை அடுக்குகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பாரம் மேலே போனால் சாய்வான பாதையில் வண்டி எளிதாகக் கவிழும்.

குடும்பத்தோடு நெடுந்தூரம், துணைக்கு இன்னொரு வண்டியும் கூட வருகிறது என்றால் பெரியது. தனியாக, குறுகலான மலைப்பாதை என்றால் யோசிக்காமல் லேசானது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, நீங்கள் அடிக்கடி போகும் பாதையின் மிகக் குறுகலான வளைவை அளந்து பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.