சொல் பிரித்தது, சோறு சேர்த்தது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "மெனோனைட் சபைகளின் விசுவாசம் பெரிதும் விளங்குவது சொல்லிலா, செயலிலா?" என்பது தலைப்பு. செயலில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூச்சு விடாமல் பேசிவிட்டு இப்போதுதான் அமர்ந்தார். ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

மெனோனைட்டுகள் யார் என்று அவையில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் ஒரு சிறு கூட்டம் கூடியது. விவரம் தெரிந்து விசுவாசிக்கிறவர்தான் ஞானஸ்நானம் பெற வேண்டும், குழந்தைக்குக் கொடுத்தது கணக்கில் வராது என்று சொல்லி, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அந்த வழியில் வந்தவர்கள் இவர்கள். நெதர்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536-ல் வெளியே வந்த மெனோ சைமன்ஸின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆயுதம் எடுக்க மாட்டோம், பகைவனையும் நேசிப்போம் என்பது இவர்களின் பிடிவாதம்.

அந்த மெனோவை வைத்துத்தான் எதிரணி என்னை மடக்கப் பார்த்தது. 1539-ல், தான் ஏன் போதிப்பதையும் எழுதுவதையும் நிறுத்துவதில்லை என்று தலைப்பு வைத்தே மனிதர் ஒரு நூல் எழுதினார், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். சரி, தலைப்பைப் படித்தீர்கள். உள்ளே போனீர்களா? மெய்யான விசுவாசம் தூங்கிக் கிடக்காது என்று அவர் சொல்வது அந்த நூலில்தான். அது உடையில்லாதவருக்கு உடுத்தும், பசித்தவருக்கு ஊட்டும், தனக்குத் தீங்கு செய்தவருக்கே தொண்டு செய்யும், காயம் பட்டதைக் கட்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். போதிப்பதை நிறுத்த மாட்டேன் என்றவர் போதித்தது இதைத்தான்.

இந்தச் சபைகளைச் சொல் என்ன செய்தது என்று பார்ப்போம். 1693-ல் யாக்கோப் அம்மான், சபை ஒழுங்கை மீறியவர்களை எவ்வளவு கடுமையாக விலக்கி வைக்க வேண்டும் என்று வாதிட்டார். அதில் பிரிந்து போனவர்கள்தான் ஆமிஷ் மக்கள். அப்புறம் உடையில் வழக்கு, பிரசங்க மொழியில் வழக்கு. ஒரே வேதத்தைப் படித்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார மறுத்தவர்கள் பலர். 1920-ல் என்ன நடந்தது? உள்நாட்டுப் போரில் சிதைந்த தெற்கு ரஷ்யாவிலிருந்து, இன்றைய உக்ரைனிலிருந்து, அவர்களுடைய சொந்த ஜனங்களின் ஓலம் வந்தது. தனித்தனியாக இருந்த அமெரிக்கச் சபைப் பிரிவுகள் இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட்டில் கூடி, மெனோனைட் மத்தியக் குழு என்று ஒன்றை ஏற்படுத்தின. 1922-ல் சமையற்கூடங்கள் திறந்தன, உழுவதற்கு டிராக்டர்கள் கப்பலேறின. சொல் பிரித்து வைத்தவர்களைச் சோறு சேர்த்து வைத்தது, நடுவர் அவர்களே.

இனி ஒரு காட்சி. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து எல்மிரா என்ற சிற்றூர், 1974. குடித்துவிட்டு வந்த இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் டயர்களைக் கிழித்து, ஜன்னல்களை உடைத்து, 22 பேருக்குச் சேதம் வைத்துவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று, தண்டனைதான் பாக்கி. அவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலராக இருந்தவர் ஒரு மெனோனைட். இந்தப் பையன்கள் நஷ்டப்பட்டவர்களை நேரில் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நீதிபதி முதலில் தயங்கினார், பிறகு சம்மதித்தார். அப்புறம் அந்த இரண்டு பேரும் ஒவ்வொரு வாசலாக ஏறினார்கள். கதவைத் தட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. கூட வந்த அந்த அலுவலரும் இன்னொருவரும் குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை, துண்டுப் பிரசுரம் இல்லை. கதவு திறக்கும்போது உள்ளிருப்பவர் என்ன சொல்வார் என்று தெரியாமல் நிற்கிற அந்த இருபது விநாடியை நினைத்துப் பாருங்கள்! சில மாதங்களில் நஷ்டஈட்டைக் கொடுத்து முடித்தார்கள். குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்கார வைக்கும் முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. அது பரவத் தொடங்கிய வாசல்களில் முக்கியமானவை இவை.

எதிரணி அம்மா ஒருவர் தம்தரியைக் காட்டினார். 1899-ல் அமெரிக்க மெனோனைட் மிஷனரிகள் இந்தியாவுக்கு வந்து, இன்று சத்தீஸ்கரில் இருக்கும் தம்தரியில் சபை நட்டது சுவிசேஷம் சொல்லத்தானே என்றார். அம்மா, இரண்டு வருடம் பின்னால் போங்கள். 1897 பஞ்சத்தில் அவர்கள் சபைகள் திரட்டிய உதவி முதலில் வந்தது, மிஷனரிகள் அதன் பிறகுதான் வந்தார்கள். வந்தவர்களும் உடனே அடுத்த பஞ்சத்தில் மாட்டி, பிரசங்க மேடையைவிடக் கஞ்சித் தொட்டியின் பக்கம்தான் அதிகம் நின்றார்கள். தம்தரியில் இன்றும் இருப்பது 1910-ல் தொடங்கிய மருத்துவமனை.

எத்தியோப்பியாவில் இருக்கும் மெசெரெட்டே கிறிஸ்டோஸ் என்ற மெனோனைட் சபையையும் இழுத்தார்கள். 1982-ல் ராணுவ ஆட்சி அதன் கட்டிடங்களைப் பூட்டியது, தலைவர்களைச் சிறையில் அடைத்தது. பூட்டுத் திறந்தபோது சபை பல மடங்கு பெருகியிருந்தது, இது வசனத்தின் வல்லமைதானே என்றார்கள். வீடுகளில் ரகசியமாக வேதம் படித்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மேடையும் ஒலிபெருக்கியும் பறிபோன பிறகு மிஞ்சியது என்ன? நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடி, ஒருவர் சுமையை மற்றவர் தூக்கியதுதான்.

ஒன்றை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி எடுத்துக்கொள்ளும். 1789 முதல் ரஷ்யப் பேரரசில் குடியேறிய மெனோனைட்டுகள் அக்கம்பக்கத்து ஆர்த்தடாக்ஸ் மக்களிடம் மதம் பரப்பக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, நிலமும் செழிப்புமாகத் தங்களுக்குள் வாழ்ந்தார்கள். சொல்லை விட்டால் இப்படித்தான் ஆகும் என்பது எதிரணியின் வாதம். ஆனால் அங்கே வாய் மட்டுமா மூடியது? பெரும்பாலும் கதவும் மூடித்தான் இருந்தது. அது செயலின் தோல்வி என்றால் நான் தலைகுனிகிறேன். சொல்லின் வெற்றிக்கு அதில் என்ன சாட்சி இருக்கிறது?

மணி அடிக்க நடுவர் கை போகிறது. கடைசியாக டிர்க் வில்லெம்ஸ். அவர் கொள்கைக்காகச் செத்தவர், ஆகவே சொல்லின் பக்கம் என்று எதிரணி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். நெதர்லாந்தின் ஆஸ்பெரனில், தன் வீட்டில் ஞானஸ்நானம் நடக்க இடம் கொடுத்ததற்காகப் பிடிபட்டவர். சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடினார். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார், அதனாலேயே மறுபடி பிடிபட்டார். 1569 மே மாதம் அவரை எரித்தார்கள்.

விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகளின் கதைகளைத் தொகுத்து மெனோனைட்டுகள் வீட்டில் வைத்திருக்கும் தடித்த நூல் ஒன்று உண்டு. சாட்சிகளின் வாக்குமூலங்களும் சிறைக் கடிதங்களும் விவாதங்களும் பக்கம் பக்கமாக அதில் இருக்கின்றன. 1685 பதிப்புக்கு யான் லாய்கன் என்ற ஓவியர் 104 செதுக்கோவியங்கள் செய்தார். அத்தனையிலும் மெனோனைட்டுகள் அதிகம் எடுத்துப் போடும் படம் எது தெரியுமா? தண்ணீரில் கிடக்கும் காவலனை நோக்கிக் குனிந்து, டிர்க் இரண்டு கைகளையும் நீட்டுகிற படம். எதிரணி நண்பர்கள் வீட்டுக்குப் போனதும் அதைத் தேடிப் பாருங்கள். அவர் வாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று நாளைக்கு எனக்குச் சொல்லுங்கள்.

வணக்கம்.