முதலில் முளைத்த விதைக்கு என்ன ஆனது?

(இசை குறைகிறது. திரையில் நான்கு துண்டு நிலம்.)

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையில் வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம் என்று நான்கு இடத்தில் விதை விழுகிறது. அதில் சீக்கிரமாக முளைத்தது எது? வீடியோவை நிறுத்திவிட்டு கமெண்டில் எழுதிவிட்டு வாருங்கள். "நல்ல நிலம்" என்று எழுதியவர்கள் இன்னும் ஒரு நிமிடம் பார்த்தால் போதும், நீங்களே போய் அழித்துவிடுவீர்கள்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தேயு 13, மாற்கு 4, லூக்கா 8, மூன்றிலும் இந்த உவமை உண்டு. இயேசு படகில் உட்கார்ந்திருக்கிறார், ஜனங்கள் கரையில் நிற்கிறார்கள். விதை தேவவசனம், நிலம் கேட்கிறவனுடைய இருதயம். இது அவரே கொடுத்த விளக்கம் என்பதால் நாம் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

சரி, விடைக்கு வருவோம். சீக்கிரமாக முளைத்தது கற்பாறை நிலம்தான்! "மண் ஆழமாயிராததினாலே" சீக்கிரத்தில் முளைத்தது என்று வேதமே காரணத்தையும் சொல்கிறது.

(திரையில் நிலத்தின் குறுக்குவெட்டு.)

கற்பாறை நிலம் என்றதும் கல்லும் சரளையும் கிடக்கிற தரையைத்தான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. கலிலேயாவில் ஏரிப்பக்கம் எரிமலைப் பாறை, மலைப்பக்கம் சுண்ணாம்புப் பாறை. பல இடங்களில் அதன்மேல் ஒரு போர்வை மாதிரி கொஞ்சம் மண். மேலே நின்று பார்த்தால் பக்கத்து வயலுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. முன்மாரி, அதாவது விதைப்புக் காலத்து முதல் மழை, பெய்து மண் நனைகிறது. மண் மெல்லியதாக இருப்பதால் வெயிலில் சட்டென்று சூடாகிவிடும். ஈரம், சூடு, இரண்டும் கிடைத்தால் விதைக்கு வேறென்ன வேண்டும்? ஊருக்கு முன்னால் பச்சை எட்டிப்பார்க்கும்.

இப்போது மண்ணுக்குள் கேமராவை இறக்குவோம். கோதுமை விதை முளைக்கும்போது முதலில் வெளியே வருவது இலை அல்ல, வேர். நல்ல நிலத்தில் அந்த வேர் இறங்கிக்கொண்டே போகும். இங்கேயோ கொஞ்ச தூரத்திலேயே பாறையில் முட்டிவிடும். "ஈரமில்லாததினால் உலர்ந்துபோயிற்று" என்கிறார் லூக்கா. மத்தேயுவும் மாற்கும் வெயிலைச் சொல்கிறார்கள். கவனியுங்கள், நல்ல நிலத்தின் கதிரை முற்ற வைத்ததும் அதே வெயில்தான்.

மாற்கு 4:16, 17 வசனங்களில் ஒரு வார்த்தையை வட்டம் போட்டு வையுங்கள். வசனத்தைக் கேட்டவுடனே சந்தோஷம். துன்பம் உண்டானவுடனே இடறல். இரண்டு பக்கமும் உடனே! ஒரு முகாமின் முதல் நாளில் நான் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் தீர்மானம் எழுதினேன், சிவப்பு மையில் அடிக்கோடெல்லாம் போட்டு. நான்காம் பக்கம் இன்றைக்கும் வெள்ளையாகவே இருக்கிறது. வருடம் முழுக்க வேதம் வாசிப்பேன் என்பதும் அதில் ஒன்று. வேதத்தின் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் எந்த அதிகாரத்தில் நின்றது என்று கேட்காதீர்கள்.

அதனால் என் அபிப்பிராயம் இது: ஆராதனையில் கண்ணீர் வந்தால் இருதயம் திறந்துவிட்டது என்று நாம் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறோம். கண்ணீர் பொய் என்று சொல்லவில்லை. அந்தச் செடியும் நிஜமான செடிதான். வேர் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் அன்றைக்கே யாராலும் பார்க்க முடியாது.

முள் நிலம்? பயிரை நெருக்கிப்போடுகிற அந்த முட்கள் கவலை, ஐசுவரியம், இன்பம். உங்கள் மொபைல் இந்த நேரத்தில் அதிர்ந்தால், விளக்கம் முடிந்தது.

பறவைகள் வந்து விதையைத் தின்றுபோட்ட வழியோரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. அந்த மண் பிறக்கும்போதே கெட்டி அல்ல, நடந்து நடந்து இறுகியது. முப்பது வருடமாகப் பிரசங்கம் கேட்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பேன். போதகர் வாயைத் திறந்ததும் "இது மூன்றாவது வரிசையில் இருக்கிறவருக்கு" என்று தோன்றினால், காகம் வந்துவிட்டது என்று அர்த்தம். இறுகிய மண்ணுக்கு ஓசியா தீர்க்கதரிசி சொல்வது ஏர் வேலை: "தரிசுநிலத்தைப் பண்படுத்துங்கள்." உழுவது மண்ணுக்குச் சுகமாகவா இருக்கும்?

சரி, நல்ல நிலம். முப்பது, அறுபது, நூறு மடங்கு. லூக்கா 8:15ஐத் திறந்து கடைசி வார்த்தைகளைப் பாருங்கள்: "பொறுமையுடனே பலன்கொடுக்கிறவர்கள்". அட, இங்கேயும் ஒரு "உடனே"! பொறுமையுடனே. இது தமிழ் வேதாகமத்தில் மட்டும் கிடைக்கிற குறும்பு, கிரேக்கத்தில் தேடாதீர்கள். இதைக் கண்டுபிடித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மாற்கு நான்காம் அதிகாரத்திலேயே இன்னொரு விவசாயி இருக்கிறான். விதைத்துவிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறான், பயிர் அவன் அறியாமலே வளர்கிறது. வேறு எந்தச் சுவிசேஷத்திலும் அவன் இல்லை. அடுத்த வீடியோ அவனைப் பற்றித்தான். இந்த வீடியோவில் பாதியில் தூங்கிப்போனவர்கள் அதையாவது தவறவிடாதீர்கள்.